ஒரு குவியல் சருகு

தீபாவளிப் புகை அடங்கிக் கொஞ்ச நாளில் உங்களிடம் யாராவது ஒருவர் ஒரு தேரையைத் தூக்கிக்கொண்டு வருவார். ரோஜாப் பாத்தியைக் கொத்தினேன், மண்வெட்டியில் வந்தது, செத்துப்போச்சு போலிருக்கு, வீசிவிடவா என்று கேட்பார். தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி சில்லென்று இருக்கும். கண் மூடியிருக்கும், கால்களை வயிற்றோடு இழுத்து வைத்திருக்கும். அது சாகவில்லை, தூங்குகிறது. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு மாற்றலாகி வருகிறவர்களுக்கு இது தெரியாது. அங்கே தேரை இப்படி விறைத்துப்போகிற குளிர் கிடையாது. டெல்லியிலேயே பிறந்தவர்களுக்கும் தெரியாது, அவர்கள் தேரையைத் தொட்டதே கிடையாது.

எடுத்த இடத்திலேயே அதை வைத்து, மண்ணை அழுத்தாமல் மூடி, மேலே சருகு போட்டுவிட்டு வந்த வழியே போய்விட வேண்டும். அவ்வளவுதான். சொல்வதற்கு அரை நிமிடம் ஆகாது. ஆனால் மற்றவர்களைச் செய்ய வைக்க என் சர்வீஸ் முழுவதும் போதவில்லை. மனிதனுக்குக் கை சும்மா இருக்காது, அதுதான் பிரச்சினை.

நான் ஒரு மத்திய அரசு வளாகத்தில் தோட்டக்கலைப் பிரிவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். முன்னால் ஆபீஸ், பின்னால் குவார்ட்டர்ஸ், நடுவில் தோட்டமும் ஒரு அல்லிக் குளமும். பெயர் வேண்டாம், தெற்கு டெல்லியில் இந்த மாதிரி வளாகங்கள் நிறைய இருக்கின்றன. அப்பா சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்த கிளார்க். வீட்டில் பேச்சு திருநெல்வேலிப் பேச்சு, வாசலைத் தாண்டினால் இந்தி. கோபம் வந்தால் எனக்கு முதலில் வருவது திருநெல்வேலிதான். என் கீழே வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

விதை எப்போது போடுவது, செவ்வந்திக்கு எப்போது நுனி கிள்ளுவது என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, மாலிகள் என்று இங்கே சொல்கிற தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு குளிர்காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் உங்களில் யாராவது ஒருவருக்கு இதே நிலைமை வராமல் போகாது.

டெல்லியில் இலையை எரிக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, உதிர்கிற இலையை எல்லாம் ஒரு மூலையில் குவித்து மக்கவைக்க ஆரம்பித்தோம். எங்கள் வளாகத்தில் பின்பக்கச் சுவரை ஒட்டி அந்த மூலை. ஷஹ்தூத் என்று இங்கே சொல்கிற முசுக்கொட்டை மரமும் இலவ மரமும் குளிரில்தான் இலை கொட்டும். டிசம்பர் பாதியில் குவியல் என் தோளுயரம் வந்துவிடும். அடியில் ஈரமும் லேசான சூடும் இருக்கும். தேரை, அரணை, மரவட்டை, சில வருடம் ஒரு சாரைப்பாம்புகூட அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நமக்கு ரஜாய்ப் போர்வை எப்படியோ அவற்றுக்கு அந்தச் சருகு. தீபாவளியிலிருந்து ஹோலி வரை அந்தக் குவியலைக் கிளறக் கூடாது என்பது என் உத்தரவு. மாலிகள் முணுமுணுப்பார்கள், ஆனால் கேட்பார்கள்.

அந்த வருடம் எங்கள் பிரிவில் கௌதம் என்ற பையன் வேலைக்குச் சேர்ந்தான். பையன் என்று நான் சொல்கிறேனே தவிர, முதுகலை படித்து, பரீட்சை எழுதிப் பாஸ் செய்து வந்த அதிகாரி. டெல்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. தமிழ் புரியும், பேசினால் பாதி இந்தியில் முடியும். முதல் நாள் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டான். ஆபீஸில் ஆன்ட்டி கிடையாது, மேடம் உண்டு, அது பிடிக்கவில்லை என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடு என்றேன். மிரண்டுபோய் மேடம் என்றான். நல்ல பையன்தான், பூச்சி பொட்டு என்றால் உயிர். குளத்துத் தவளைகளுக்காக, குளிர் முடியும் வரை தண்ணீர் மட்டம் குறையாமல் பார்த்துக்கொண்டது அவன்தான். அந்தத் தண்ணீரை மாற்றவும் விடவில்லை.

அவன் செய்த முதல் காரியத்தைச் சொல்கிறேன். பூந்தொட்டிகளை இடம் மாற்றும்போது அடியில் ஒரு தேரை விறைத்துக் கிடந்தது. இரக்கப்பட்டு ஒரு டவலில் சுற்றி எடுத்துப்போய் ஆபீஸ் ரூம் ஹீட்டர் முன்னால் வைத்துவிட்டான். நான் அன்று லீவு. ஒரு மணி நேரத்தில் தேரை கண் திறந்தது, தொண்டை துடித்தது, தரையில் குதித்தது. எல்லோரும் கை தட்டினார்களாம். இவன் வீடியோ எடுத்து வளாகத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். குவார்ட்டர்ஸ் முழுக்க இதயப் படங்கள். மறுநாள் நான் வந்து பார்த்து, ஏல, கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு என்று கத்தினேன். கோட்டி என்றால் பைத்தியம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதையும் சொல்லி, தேரை விஷயத்தையும் விளக்கினேன். தூங்குகிற தேரை உடம்பில் இருக்கிற கொழுப்பைச் சொட்டுச் சொட்டாகச் செலவு செய்துகொண்டு மார்ச் வரை ஓட்டும். எழுப்பிவிட்டால் பசிக்கும். டிசம்பரில் அதற்குப் பூச்சிக்கு எங்கே போவாய் என்று கேட்டேன். அவன் சந்தையிலிருந்து மீன் தீவனப் புழு எல்லாம் வாங்கி வந்து பார்த்தான். தேரை தொடவில்லை. இரண்டொரு நாளில் செத்துப்போனது.

அவன் அழுதான். ஆபீஸில் ஒரு ஆண் பிள்ளை தேரைக்காக அழுததைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பையன் தேறுவான் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் குற்ற உணர்ச்சி வந்தவன் சும்மா இருக்கமாட்டான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சருகுக் குவியலுக்கு அவன்தான் காவல்காரன். இங்கே தேரைகள் தூங்குகின்றன, தொடாதீர்கள் என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு போர்டு எழுதி நட்டான். தினமும் காலையில் ஆபீசுக்கு முன்னால் அங்கே போய்விடுவான். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பான். சுற்றிப் பார்க்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி ஆரம்பத்தில் அவன் முகம் கடுகடுவென்று ஆனது. குவியல் குறைகிறது மேடம், யாரோ எடுக்கிறார்கள் என்றான். நானும் போய்ப் பார்த்தேன். உண்மைதான். சுவர்ப் பக்கம் அப்படியே இருந்தது, கேட் பக்கத்து மேல்பாகம் மட்டும் வழித்து எடுத்த மாதிரி இருந்தது. விசாரிக்கலாம், அவசரப்படாதே என்று சொன்னேன். சரி என்றான். சரி என்று சொல்கிற இளைஞனை நம்பக் கூடாது.

அடுத்த நாள் பனிமூட்டம். நான் ஆபீசுக்கு வந்து சேர்வதற்குள் போனில் நாற்பது ஐம்பது மெசேஜ். குவார்ட்டர்ஸ் குரூப்பில் கௌதம் ஒரு போட்டோ போட்டிருந்தான். கேட் கேபின் வாசலில் ஒரு இரும்புச் சட்டியில் சருகு எரிகிறது, அதற்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குளிர்காய்ந்துகொண்டிருக்கிறார் எங்கள் செக்யூரிட்டி. முகம் தெளிவாகத் தெரிகிறது. கீழே, நம் தேரைகளை உயிரோடு எரிப்பவர் இவர்தான் என்று எழுதியிருந்தான். மாசுக் கட்டுப்பாட்டுப் புகார் செயலியிலும் அதே போட்டோவைப் போட்டுவிட்டான். குரூப்பில் ஒருவர் பாக்கியில்லை. ஹார்ட்லெஸ் என்றார் ஒருவர். என் பிள்ளைக்கு வீஸிங் இவரால்தான் என்றார் இன்னொருவர். இப்படிப்பட்டவரிடமா நம் கேட்டை விட்டிருக்கிறோம் என்றார் ஒரு அம்மா. அந்த அம்மாவின் காய்கறிப் பையை அந்த மனிதர் எத்தனையோ தடவை மாடி வரை தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

அந்த மனிதர் காசி அண்ணன். விழுப்புரம் பக்கம். ஜங்க்புராவில் பாராபுலா நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரம் இருந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் குடியிருந்தார். நல்ல இந்தி பேசுவார், அதனால் வளாகத்தில் பாதிப் பேருக்கு அவர் தமிழர் என்றே தெரியாது. கௌதமுக்கும் தெரியாது, பையா என்றுதான் கூப்பிடுவான். என்னிடம் மட்டும், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால், அக்கா என்பார். செக்யூரிட்டி கான்ட்ராக்டர் வைத்த ஆள், எங்கள் ஆபீஸ் ஊழியர் இல்லை. ஐம்பது தாண்டியவர். இங்கிருந்து அனுப்பினால் அந்த வயதில் இன்னொரு கான்ட்ராக்டர் சேர்க்கமாட்டான். வீட்டில் சம்பாத்தியம் அவருடையது ஒன்றுதான், மனைவிக்கு முட்டி போய்விட்டதால் வீட்டு வேலைகளை விட்டுவிட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும். கௌதமுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தேரைதான்.

எஸ்டேட் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். நிர்வாகத்தில் எங்களுக்கெல்லாம் மேலே இருந்த அதிகாரி, கெட்டவர் இல்லை, ஆனால் புகார் என்றால் நடுங்குகிறவர். மறுநாள் மாசுத் துறை ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்திருந்தது. அவர் எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்திருந்தார். செக்யூரிட்டியை மாற்றச் சொல்லி கான்ட்ராக்டரிடம் பேசியாகிவிட்டது. குவியலை அள்ளிக்கொண்டு போக லாரி சாயங்காலம் வருகிறது. சருகே இல்லாவிட்டால் எரிப்பதற்கும் ஒன்றும் இல்லை, கதை முடிந்தது என்றார்.

அவர் பார்வையில் அது சரிதான். என் பார்வையில் ஒரே கல்லில் இரண்டு பேர் காலி. ஜனவரியில் அந்தக் குவியலை லாரியில் ஏற்றினால் உள்ளே இருக்கிற ஒன்றும் பிழைக்காது. காசி அண்ணன் வேலையும் போகும்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பழைய டெபுடி டைரக்டர் ஒருவர் இருந்தார். ஒரு தகராறு என்று வந்தால் அது நடந்த இடத்திலேயே போய் உட்கார் என்பார். ரூமில் உட்கார்ந்தால் எல்லாமே காகிதமாகிவிடும், இடத்தில் உட்கார்ந்தால் வெயிலோ குளிரோ உன்னிடம் பேசும் என்பார். நானும் அதையே செய்தேன். சார், மாசுத் துறை ஆட்கள் கேட்டால் விசாரணை நடத்தினோம் என்று சொல்ல வேண்டும், சம்பவம் நடந்த இடத்தில் நடத்தினால் எழுத வசதி என்றேன். விதி, நடைமுறை என்றால் அவர் மறுக்கமாட்டார். கிளம்பினார். கௌதமையும் வரச் சொன்னேன்.

கேபினில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. முன்பு இருந்தது, பனியில் கண்ணாடி மங்கி வண்டி நம்பர் தெரியவில்லை என்று யாரோ கழற்றச் சொல்லியிருந்தார்கள். ஹீட்டர் வைக்க மின் பிரிவு அனுமதிக்கவில்லை. எஸ்டேட் ஆபீசரை அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, நான் வேண்டுமென்றே மெதுவாகப் பேசினேன். வளாகத்தின் வரலாறு, இலைக்குவியலின் அவசியம் என்று இழுத்தேன். வெளியே பனி, உள்ளே காற்று. கொஞ்ச நேரத்தில் அவர் மஃப்ளரைக் காதுவரை ஏற்றினார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு டீ கிடைக்குமா என்றார். காசி அண்ணன் ஓடிப்போய் வாங்கி வந்தார். எஸ்டேட் ஆபீசர் டீயைக் குடிக்கவில்லை, கிளாஸைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

எரித்தாயா என்று இந்தியில் கேட்டார். காசி அண்ணன் மறைக்கவில்லை. எரித்தேன் சாப், மேலே காய்ந்திருந்ததை மட்டும் எடுத்தேன், அடியில் ஈரம், அது எரியாது என்றார். தேரை இருப்பது தெரியுமா என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. தேரை மேலே விழுந்தால் பிள்ளை இளைத்துப்போகும் என்று கேட்டு வளர்ந்தவர். அங்கே தேரை இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டேன் என்றார். போர்டு இருக்கிறதே என்றான் கௌதம். காசி அண்ணனுக்குத் தமிழ் மட்டும் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். அதை நான் சொன்னேன். கௌதம் அவரைத் திரும்பிப் பார்த்தான். தமிழரா என்று அவன் வாய்க்குள் முனகியது எனக்குக் கேட்டது.

எஸ்டேட் ஆபீசர் இளகிவிட்டார் என்று நினைத்தேன். பாதிதான் இளகியிருந்தார். சரி, இந்த ஆள் விஷயம் பார்க்கலாம், ஆனால் குவியல் போக வேண்டும், அதற்குள் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா என்று யார் பார்த்தது, திறந்து காட்டுங்கள், இருந்தால் விட்டுவிடுகிறேன் என்றார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். திறந்து காட்டினால் குவியல் பிழைக்கும், உள்ளே இருப்பவை சாகும். திறக்காவிட்டால் சாயங்காலம் லாரி வரும். மாலிகள் கடப்பாறையும் கூடையுமாகத் தயாராக நின்றார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கோபத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது, அந்தக் குளிரிலும். திறக்கமாட்டேன் சார் என்றேன். என்னைச் சஸ்பெண்ட் பண்ணினாலும் ஹோலி வரைக்கும் அதில் கை வைக்க விடமாட்டேன், வேண்டுமானால் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவருக்கும் கோபம் வந்தது. ஆதாரம் இல்லாமல் நான் எப்படி நம்புவது என்று கத்தினார்.

அப்போதுதான் கௌதம் பேசினான். ஆதாரம் இருக்கிறது சார் என்றான். எங்களை அழைத்துக்கொண்டு குவியலின் சுவர்ப் பக்கம் போனான். அங்கே ஒரு ஓரத்தில் சருகு கலைந்து, மறுபடி சேர்த்து வைத்த மாதிரி இருந்தது. அவன் மண்டியிட்டு அதை விலக்கினான். உள்ளே சின்னதும் பெரியதுமாகத் தேரைகள், சுருங்கி, காய்ந்து, தோல் ஒட்டிக் கிடந்தன. ஒரு அரணையும் இருந்தது. ஒன்றும் எரியவில்லை, ஒன்றிலும் கரி இல்லை.

தினமும் காலையில் நான் திறந்து பார்ப்பேன் மேடம், உயிரோடு இருக்கிறதா என்று, கையில் எடுத்து மூச்சு பார்ப்பேன், பிறகு மூடிவிடுவேன், சருகு குறைவதால்தான் சாகின்றன என்று நினைத்துவிட்டேன் என்றான். பாதி தமிழ், பாதி இந்தி. செக்யூரிட்டி எடுத்த பக்கத்தில் ஒன்றும் சாகவில்லை சார், செத்ததெல்லாம் நான் பார்த்த பக்கத்தில்தான் என்றும் சொன்னான். எஸ்டேட் ஆபீசரிடமே சொன்னான், இந்தியில், எல்லோர் முன்னாலும். அந்த வயதில் எனக்கு அந்தத் தைரியம் இருந்திருக்காது.

எனக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. செத்ததை மண்ணில் புதைத்துவிட்டு மீதியை மூடச் சொன்னேன்.

எஸ்டேட் ஆபீசர் அங்கேயே நின்று போனை எடுத்தார். லாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குவியலைச் சுற்றிக் கம்பி வலை போட அனுமதித்தார். கேபின் ஜன்னலுக்குக் கண்ணாடியும், ஒரு ஹீட்டரும், மின் பிரிவோடு அவரே பேசி வாங்கித் தருவதாகச் சொன்னார். சொன்னதைச் செய்தார். வாரம் முடிவதற்குள் கண்ணாடி வந்தது, ஹீட்டர் வந்தது. மறுநாள் வந்த மாசுத் துறை ஆட்களிடம், நடவடிக்கை எடுத்துவிட்டோம், காவலுக்கு நிற்பவர் குளிர்காய வேறு ஏற்பாடு செய்துவிட்டோம் என்றார். அவர்கள் குறித்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் காசி அண்ணன் விஷயத்தில் நாங்கள் தாமதம். நாங்கள் குவியல் பக்கம் நின்றுகொண்டிருந்தபோதே கான்ட்ராக்டரின் ஆள் கேபினுக்கு வந்து, சீருடை பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அவரை வேறு சைட்டுக்குப் போகச் சொல்லிவிட்டான். காலையில் எஸ்டேட் ஆபீசர் போட்ட போனின் பலன் அது. அவரே திரும்பக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொன்னார். கான்ட்ராக்டர் பணிவாகத்தான் பேசினானாம். படம் இத்தனை பேருக்குப் போய்விட்டது சார், அதே கேட்டில் நிறுத்தினால் எனக்குக் கெட்ட பேர் என்றானாம். வேலையை விட்டு நீக்கவில்லை, அந்த மட்டில் நாங்கள் சண்டை போட்டுப் பிழைக்கவைத்தோம். ஓக்லாவில் ஒரு கோடவுன் வாசலில் போட்டார்கள். கேபின்கூடக் கிடையாது, மேலே ஒரு தகரம்.

கௌதம் அன்றைக்கே போட்டோவை அழித்தான். குரூப்பில் நீளமாக மன்னிப்பு எழுதினான், தேரைகளைக் கொன்றது நான்தான் என்று எழுதினான். சிலர் பாராட்டினார்கள். பெரும்பாலானவர்கள் படிக்கவேயில்லை, அதற்குள் யாரோ மாடியில் தண்ணீர் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

ஹோலி கழிந்து வெயில் ஏறிய பிறகு, ஒரு மாலை தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது முதல் தேரை வெளியே வந்தது. அடுத்தடுத்த நாட்களில் இன்னும் வந்தன. கேட் பக்கத்திலிருந்துதான் நிறைய. மாலிகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கௌதமைக் கூப்பிட்டதற்கு வரவில்லை, வந்தால் சரி மேடம் என்று மட்டும் சொன்னான். அவனுக்கு வேறு ஒரு நினைப்பு.

கான்ட்ராக்டரிடம் நான் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில், சரி மேடம், நீங்களே பொறுப்பு என்றால் திரும்ப அனுப்புகிறேன் என்றான். நல்ல செய்தி சொல்லலாம் என்று ஒரு மதியம் நானும் கௌதமும் ஓக்லாவுக்குப் போனோம். காசி அண்ணன் தகரத்துக்குக் கீழே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார், டீ சொல்லிவிட்டார், வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

கௌதம் வழியெல்லாம் என்னிடம் கேட்டுக் கேட்டுத் தமிழில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னான். அண்ணா, தப்பு என்னோடது, என்னை மன்னிச்சிடுங்க என்றான். காசி அண்ணன் அவன் தமிழைக் கேட்டுச் சிரித்துவிட்டார். பரவாயில்ல தம்பி, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேற எங்கியாவது பொறுக்கியிருப்பன் என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் விஷயத்தைச் சொன்னேன். கேபினில் ஹீட்டர் இருக்கிறது, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாயிற்று, கான்ட்ராக்டர் சம்மதித்துவிட்டான், திங்கட்கிழமையே வரலாம் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"வேணாங்க்கா. அங்க அத்தினி வீட்லயும் அந்தப் போட்டாவப் பாத்துட்டாங்க. கட்டிக்குடுத்த எம் பொண்ணுகூடப் பாத்துட்டா, அவ வேல செய்ற வீட்டம்மா காட்டினாங்களாம், இது உங்கப்பாவான்னு. இனிமே அந்த கேட்ல நின்னு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு சல்யூட் அடிப்பன்?"

எந்த அதிகாரியிடமும் எந்தக் கான்ட்ராக்டரிடமும் பேசி வாங்கித் தர முடியாத ஒன்றை அவர் சொல்லிவிட்டார். கௌதம் தலை குனிந்து நின்றான். கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

அப்போது ஒரு கார் வந்து கேட்டுக்கு முன்னால் ஹாரன் அடித்தது. காசி அண்ணன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்க் கேட்டைத் திறந்தார். ஓரமாக விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். காருக்குள் இருந்தவர் போனில் பேசிக்கொண்டே போய்விட்டார். அவருக்குக் காசி அண்ணனை யாரென்றே தெரியாது.